ரைஃபிள் ட்ரிகர்: பவுண்டுக் கணக்கைத் தாண்டி

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (போல்ட் என்ற தண்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற வகை) வைத்திருப்பவர்கள் கூடினால் குழல், ஸ்கோப், தோட்டா என்று மணிக்கணக்கில் பேச்சு ஓடும். ட்ரிகர் பக்கம் வந்தால் மட்டும் ஒரே கேள்வி: இழுக்கத் தேவையான பலத்தை எத்தனை பவுண்டுக்கு இறக்கலாம்? அப்படிக் கேட்பதில் தப்பில்லை, ஆனால் ஒரு ட்ரிகரின் நல்லது கெட்டதில் அந்த எண் சொல்வது கொஞ்சம்தான். மிச்சம் எங்கே இருக்கிறது, கம்பெனிகள் ஏன் அத்தனை வருஷம் கனமான ட்ரிகரையே போட்டு விற்றன, அது எப்படி மாறியது என்பதை அமெரிக்காவை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பெரிய சண்டைகளும் பெரிய முன்னேற்றங்களும் அங்கேதான் நடந்தன. இந்தியாவில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் அதற்கு வந்த திருத்தமும் சேர்ந்து வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. வெளிநாடுகளில் முறையாக லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும், மற்றவர்களுக்கு ஒரு சின்ன இயந்திரத்துக்குள் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று தெரியும்.

முதலில் ஒரு கணக்கு. ஸ்கோப்போடு சேர்த்து ஒரு வேட்டை ரைஃபிள் மூன்றரை, நாலு கிலோ இருக்கும். ட்ரிகரை இழுக்க 7 பவுண்டு தேவைப்பட்டால் அது 3 கிலோவுக்கும் மேல். அதாவது கையில் அசையாமல் பிடிக்க வேண்டிய பொருளின் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான பலத்தை ஒற்றை விரலால் அதன் மேலேயே போடுகிறோம். அந்த இழுப்பு நேராகப் பின்னால் வந்தால் பரவாயில்லை, ஆனால் விரல் சிரமப்படும்போது மொத்தக் கையும் சேர்ந்து இறுகும், ரைஃபிள் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பும். தோளில் ஊன்றியிருக்கும் கட்டையிலிருந்து குழல் முனை வரை சுமார் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் போகும், 200 மீட்டரில் 20 செ.மீ. ஒரு மானின் நெஞ்சுப் பகுதியில் உடனே உயிர் போகிற இடம் மொத்தமே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். அதைத் தவறவிட்டால் விலங்கு காயத்தோடு காட்டுக்குள் ஓடி, எங்கேயோ கிடந்து மணிக்கணக்கில் வதைபட்டுச் சாகும். ட்ரிகரைச் சரிசெய்வதைச் சுடுகிறவரின் சொகுசு என்று நினைக்க என்னால் முடியாததற்குக் காரணம் இதுதான்.

சரி, விரல் உணர்வது என்னென்ன? எடை ஒன்று. அடுத்து, ட்ரிகர் விடுபடுவதற்கு முன்னால் கரகரவென்று ஊர்ந்து வருகிற தூரம். பழக்கமில்லாதவருக்கு எடையைவிட இதுதான் அதிகத் தொல்லை, ஏனென்றால் எப்போது விடுபடும் என்று தெரியாமல் விரல் தயங்கும், தயங்கினால் கடைசியில் வெடுக்கென்று இழுத்துவிடும். மூன்றாவது, விடுபடுகிற அந்தக் கணம் சுத்தமாக முறிகிறதா, இல்லை வழுக்கிக்கொண்டு போகிறதா என்பது. நாலாவது, விடுபட்ட பிறகும் ட்ரிகர் பின்னால் ஓடுகிற தூரம், அதாவது பின்னோட்டம். ஃபயரிங் பின் என்ற ஊசி பாய்ந்து தோட்டாவைத் தட்ட இரண்டு மூன்று மில்லி செகண்ட் ஆகும், அப்புறம் குண்டு குழலைக் கடக்க இன்னும் கொஞ்சம். அந்த நேரத்தில் விரல் பிடி தளர்ந்து பின்னால் போய் இடித்தால் ரைஃபிள் குலுங்கும். இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருப்பது. ஒரு தடவை 3 பவுண்டு, அடுத்த தடவை 4 என்று மாறுகிற ட்ரிகரை விட எப்போதும் 4 பவுண்டில் சுத்தமாக முறிகிற ட்ரிகரே மேல். சந்தேகமே வேண்டாம்.

இனி உள்ளே பார்ப்போம். போல்ட் ரைஃபிளில் ஃபயரிங் பின்னை அழுத்தமான ஒரு ஸ்பிரிங் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அது பாய்ந்துவிடாமல் பின்னால் பிடித்து நிறுத்தி வைக்கிற உலோகத் துண்டுதான் சியர். ஜெர்மனியின் 1898 மௌசர் ரைஃபிளில் இந்த ஏற்பாடு ரொம்ப எளிமை. சியர் நேரடியாகப் பின்னைப் பிடித்திருக்கும், ட்ரிகரின் மேல்பக்கத்தில் இரண்டு திமில்கள் இருக்கும். முதல் திமில் சியரைப் பாதிவரை இறக்கும், அது நீளமான, லேசான இழுப்பு. அப்புறம் விரலுக்கு ஒரு தடை தட்டுப்படும், அங்கே இரண்டாவது திமில் உட்காரும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விடுபடும். பதுங்குகுழியில் விழுந்து புரண்டு எழும் சிப்பாயின் துப்பாக்கி தானாக வெடிக்கக் கூடாது, சேறு புகுந்தாலும் வேலை செய்ய வேண்டும். அதற்காக சியரின் பிடி தாராளமாக வைக்கப்பட்டது. அந்தத் தாராளம்தான் நீளமான இழுப்பாக விரலுக்கு வருகிறது.

வேட்டைக்காரர்களுக்கு அந்த நீளம் பிடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவ மௌசர்களும் ஸ்பிரிங்ஃபீல்டுகளும் மலிவாகக் கிடைக்க, அவற்றை வேட்டைக்கு ஏற்றபடி மாற்றுவது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கானது. 1946-ல் தொடங்கிய டிம்னி கம்பெனி மாற்று ட்ரிகர் செய்து விற்றே வளர்ந்தது. ஐரோப்பியர்கள் வேறு வழியில் போனார்கள்: முதலில் ஒரு ட்ரிகரை இழுத்தோ முன்னால் தள்ளியோ தயார் நிலையில் வைத்தால் அடுத்த இழுப்பு சில அவுன்ஸிலேயே விடுபடுகிற இரட்டை ஏற்பாடு. மேஜையில் வைத்துச் சுட அது அருமை. காட்டில், தயார் நிலையில் வைத்த பிறகு மான் நகர்ந்துவிட்டால் அதைப் பத்திரமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இருக்கிறதே, குளிரில் விரல் மரத்துப்போன ஆளுக்கு அது ஆபத்தான வேலை.

அமெரிக்காவில் 1936-ல் வந்த வின்செஸ்டர் மாடல் 70 ஒரு விடை சொன்னது. ட்ரிகர், சியர், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். பெட்டிக்குள் மூடி வைக்காமல் திறந்தே இருக்கும், தூசியோ பனியோ உள்ளே போனால் வெளியே விழுந்துவிடும். நட்டைத் திருப்பி எடையையும் பின்னோட்டத்தையும் சரிசெய்யலாம். பல பேர் இன்றைக்கும் வேட்டைக்கு இதுவே உத்தமம் என்பார்கள், மழையும் சேறும் பார்க்கிற ரைஃபிளுக்கு நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் கச்சிதமான இழுப்பு என்று பேர் வாங்கியது ரெமிங்டன். அங்கே பொறியாளராக இருந்த மைக் வாக்கர் வடிவமைத்த ட்ரிகர் 1948-ல் மாடல் 721, 722 ரைஃபிள்களில் வந்தது, அப்புறம் 1962-ல் வந்த புகழ்பெற்ற மாடல் 700-லும் அதே. லட்சக்கணக்கில் விற்றது, அமெரிக்க மரைன் படையின் எம்40, ராணுவத்தின் எம்24 ஸ்னைப்பர் ரைஃபிள்களும் இந்த மாடல் 700-ஐ அடிப்படையாகக் கொண்டவையே. இந்த வகையில் சியர் பின்னைச் சாய்வான முகத்தால் தாங்கும், அந்த சியருக்குக் கீழே ட்ரிகர் ஒரு முட்டு மாதிரி நிற்கும். முட்டு நகர்ந்தால் சியர் தானே கீழே இறங்கிவிடும். ஸ்பிரிங்கின் முழு பலமும் முட்டின் மேல் விழாது என்பதால் உராய்வு குறைவு, அதனால் அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ பிடி இருந்தாலே போதும். இந்தச் சின்னப் பிடியால்தான் கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி சட்டென்று விடுபடுகிறது.

வாக்கர் இதில் இன்னொரு நுணுக்கம் சேர்த்தார். சியரைத் தாங்கியது ட்ரிகரின் உடம்பு இல்லை, அதன் மேல் பொருத்தப்படாமல் ஸ்பிரிங் அழுத்தத்தால் மட்டும் ஒட்டி நிற்கிற கனெக்டர் என்ற மெல்லிய தகடு. ஒவ்வொரு முறை சுடும்போதும் சியர் கீழே விழுகிற வேகத்தில் கனெக்டர் ட்ரிகரை விட்டு முன்னால் பிரியும், பிறகு மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். இதனால் விடுபட்ட பிறகு விரலுக்கு எந்த இடைஞ்சலும் தெரியாது. வம்பும் இங்கேதான். கனெக்டருக்கும் ட்ரிகருக்கும் நடுவே ஒரு துளி கெட்டிப்போன எண்ணெய், ஒரு உலோகத் துகள், கொஞ்சம் பனி மாட்டிக்கொண்டால் கனெக்டர் முழுசாகத் திரும்பி வராது. அரை மில்லிமீட்டர் பிடியில் இப்படி ஒரு துளி பறிபோனால் என்ன மிஞ்சும்? சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கிற பூட்டு) போட்டிருக்கும்போது அது சியரைத் தூக்கிப் பிடித்திருக்கும், அதனால் வெளியே எதுவும் தெரியாது. சேஃப்டியை எடுத்ததும் சியர் கீழே இறங்கித் தன் முட்டு இருக்கும் இடத்தைத் தேடும், முட்டு இடத்தில் இல்லையென்றால் யாரும் ட்ரிகரைத் தொடாமலே ரைஃபிள் வெடிக்கும்.

இதில் இன்னொரு சிக்கல், 1982 வரை வந்த ரைஃபிள்களில் சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் சேஃப்டியை எடுத்தே ஆக வேண்டும். அதாவது வேட்டை முடிந்து, வண்டிப் பக்கத்தில் குடும்பம் நிற்க, துப்பாக்கியைக் காலி செய்கிற நேரத்தில்தான் அந்த ஆபத்தான கணம் வரும். இப்படி நடந்ததாகப் பல வழக்குகள் வந்தன, குழந்தைகள் உட்பட உயிர்கள் போயின. வாக்கரே 1940களின் கடைசியில் ட்ரிகரையே தடுத்துப் பிடிக்கிற பாதுகாப்பான மாற்றம் ஒன்றை முன்வைத்தார் என்பதும், அதற்கு ஒரு ரைஃபிளுக்கு ஐந்தரை சென்ட் கூடுதல் செலவு என்று கணக்குப் போடப்பட்டது என்பதும் கம்பெனி ஆவணங்களில் இருந்து 2010-ல் சிஎன்பிசி தொலைக்காட்சி மூலம் பரவலாக வெளியே வந்தது. ட்ரிகரில் குறையில்லை, கையாண்டவர்கள் தவறு, பராமரிப்புக் குறைவு, தெரியாமல் கைவைத்து மாற்றியது என்பதே ரெமிங்டன் கடைசிவரை சொன்ன பதில். 2006-ல் கனெக்டர் இல்லாத எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற புதிய ட்ரிகரைக் கொண்டுவந்தார்கள். 2014 ஏப்ரலில் அதையும் திரும்பப் பெற வேண்டி வந்தது, தயாரிக்கும்போது பயன்படுத்திய பசை சிலவற்றில் அளவுக்கு மேல் போய்விட்டது என்பது காரணம். பழைய ட்ரிகர்களை மாற்றித் தருவது குறித்த சமரசத்தை நீதிமன்றம் 2017-ல் ஏற்றது, அதன் வரம்பில் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள் வந்தன.

தெரியாமல் கைவைத்து மாற்றியது என்ற வாதத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. வாக்கர் ட்ரிகரில் வெளியே தெரிகிற மூன்று திருகுகள் உண்டு: எடைக்கு ஒன்று, பின்னோட்டத்துக்கு ஒன்று, சியர் பிடிக்கு ஒன்று. கம்பெனி அவற்றைப் பசை வைத்து மூடித்தான் அனுப்பியது, ஆனாலும் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிற எவரும் திருப்பலாம். பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு குறைத்தவர்கள் எத்தனையோ பேர். இரண்டும் சேர்ந்துதான் பிரச்சினை என்று நான் நினைக்கிறேன், ஆனால் ஒரு துளி அழுக்கை மன்னிக்காத வடிவம் காட்டுக்குப் போகிற கருவிக்குச் சரியில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இந்த வழக்குகளைப் பார்த்த கம்பெனிகள் எல்லாம் பயந்தன. விளைவு, 1980களிலும் 90களிலும் கடையில் வாங்குகிற ரைஃபிள்கள் பலவற்றில் 6, 7, சிலதில் 8 பவுண்டு ட்ரிகர். அமெரிக்காவில் இதற்கு வக்கீல் ட்ரிகர் என்றே பெயர். வாங்குகிறவர் ரைஃபிளை வாங்கிய கையோடு மாற்று ட்ரிகருக்கும் காசு எடுத்து வைக்க வேண்டிய நிலைமை, இல்லாவிட்டால் சமையல் மேஜையில் அவரே அரம் போட உட்கார்ந்துவிடுவார். கனமான ட்ரிகர் பாதுகாப்பைக் கூட்டும் என்று போட்டது, ஆட்களை இன்னும் ஆபத்தான வேலைக்குத் தள்ளியது.

முடிச்சை அவிழ்த்தது சாவேஜ். மாசசூசெட்ஸ் மாநிலம் வெஸ்ட்ஃபீல்டில் இருக்கிற, மலிவு விலை ரைஃபிளுக்குப் பேர்போன கம்பெனி. 2002-03 வாக்கில் அவர்கள் கொண்டுவந்த அக்யூட்ரிகரைப் பார்த்தால் ட்ரிகருக்கு நடுவே ஒரு மெல்லிய அலகு நீட்டிக்கொண்டிருக்கும். விரல் வைத்ததும் முதலில் அதுதான் உள்ளே போகும், அதற்குப் பலமே தேவையில்லை. அலகு முழுசாக அழுந்தாதவரை சியர் கீழே இறங்கும் வழியில் ஒரு தடுப்பு நிற்கும். ரைஃபிள் கீழே விழுந்து குலுங்கி சியர் நழுவினாலும் அந்தத் தடுப்பில் மாட்டிக்கொள்ளும், வெடிக்காது, போல்ட்டைத் தூக்கி மறுபடி தயார் செய்தால்தான் சுட முடியும். இப்படி ஒரு காவல் இருப்பதால் இழுப்பைத் தைரியமாக லேசாக்க முடிந்தது. கூடவே ஒரு சின்னக் கருவியும் கொடுத்து, மாடலைப் பொறுத்து ஒன்றரை பவுண்டிலிருந்து 6 பவுண்டு வரை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதில் அழகு என்னவென்றால் வாங்கியவர் தொடுவது ஸ்பிரிங்கை மட்டும், சியர் பிடி அவர் கைக்கு எட்டாது. சில வருஷங்களில் மோஸ்பெர்க், மார்லின், ரூகர் என்று ஒவ்வொருவராக இதே மாதிரி அலகு வைத்த ட்ரிகருக்கு வந்தார்கள். பின்லாந்தின் டிக்கா டி3 அலகே இல்லாமல், 2 முதல் 4 பவுண்டு வரை மாற்றக்கூடிய நேர்த்தியான ட்ரிகரோடு வந்தது. இன்றைக்கு மலிவான ரைஃபிளிலும் 3 பவுண்டில் ஒழுங்காக விடுபடுகிற ட்ரிகர் கிடைக்கிறதென்றால் அதற்கு சாவேஜுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது கையில் இருக்கிற ரைஃபிளுக்கு வருவோம். நான் யாருக்கும் முதலில் சொல்வது, எதையும் திருப்புவதற்கு முன்னால் சுத்தம் செய்யுங்கள். வருஷக்கணக்கில் போல்ட் மேலே அடித்த எண்ணெய் கீழே இறங்கி ட்ரிகர் பெட்டிக்குள் கோந்து மாதிரி படிந்திருக்கும். அது கரகரப்பையும் தரும், குளிரில் இறுகி சியர் திரும்பி வராமலும் தடுக்கும். ஆவியாகிப் போகிற, படிவு விடாத திரவத்தால் அலசிக் காயவைத்தால் போதும், திரும்ப எண்ணெயை ஊற்ற வேண்டாம். இதைச் செய்ததுமே பாதிக் குறை தீர்ந்துவிடுகிற ரைஃபிள்கள் நிறைய. அடுத்து, ட்ரிகர் பெட்டி மரக்கட்டையில் எங்காவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும், ஈரத்தில் கட்டை உப்பி உரசினாலும் இழுப்பு மாறும்.

அப்புறம் அளக்க வேண்டும். ட்ரிகர் அளக்கிற ஸ்பிரிங் தராசோ டிஜிட்டல் கருவியோ பெரிய விலை இல்லை. துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்துகொண்டு பத்துத் தடவை அளந்து எழுதிப் பாருங்கள். சராசரியை விட, எண்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அரை பவுண்டுக்கு மேல் ஆடினால் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது, அங்கே ஸ்பிரிங்கைத் தளர்த்துவது வியாதியை விட்டு வலியை மட்டும் மறைக்கிற வேலை. எல்லாம் சீராக இருந்து எடை மட்டும் அதிகம் என்றால், கம்பெனி கையேடு அனுமதிக்கிற திருகை, அது சொல்கிற வரம்புக்குள் மாற்றலாம். கையேடு தொடாதே என்று சொன்ன திருகைத் தொடக் கூடாது.

அரம், எண்ணெய்க் கல் கதை தனி. சியரின் முகத்தை வழவழப்பாக்கினால் இழுப்பு மிருதுவாகும் என்பது உண்மை, அதை வாழ்நாள் தொழிலாகச் செய்கிற கைதேர்ந்த ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் சியர் உருக்கின் கடினம் பலவற்றில் மேல்தோலில் மட்டும்தான், உள்ளே மிருதுவான உலோகம். அந்தத் தோலைத் தேய்த்துவிட்டால் முதல் வாரம் அருமையாக இருக்கும், பிறகு ஒவ்வொரு சூட்டுக்கும் விளிம்பு மழுங்கிக்கொண்டே போகும். அதைவிட மோசம் கோணம். இரண்டு முகங்களும் சந்திக்கிற கோணம் சரியாக இருந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் அவற்றை ஒன்றோடொன்று இறுக்கும். கல்லைப் பிடித்த கை ஒரு டிகிரி சாய்ந்தால் அதே அழுத்தம் அவற்றைப் பிரிக்கத் தொடங்கும், அப்போது ட்ரிகர் நிற்பது வெறும் உராய்வின் தயவில். போல்ட்டைக் கொஞ்சம் வேகமாக மூடினாலே விழுந்துவிடும். கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் வீட்டில் இதைச் செய்யவே கூடாது என்று அடித்துச் சொல்கிறேன்.

இன்றைக்கு அதற்கு அவசியமும் இல்லை. டிம்னி, ஜுவல் போன்றவர்கள் முழு ட்ரிகரையும் ஒரே பெட்டியாகத் தருகிறார்கள், பழையதைக் கழற்றி இதை மாட்டினால் வேலை முடிந்தது. கனடாவின் ட்ரிகர்டெக் சியருக்கும் ட்ரிகருக்கும் நடுவே ஒரு சின்ன உருளையை வைத்து, உரசி வழுக்குகிற இடத்தில் உருண்டு விடுபடும்படி செய்திருக்கிறது. ஊர்கிற உணர்வு அதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பழைய வாக்கர் ட்ரிகர் உள்ள ரைஃபிள் யாரிடமாவது இருந்தால், அது இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்திருந்தாலும், மாற்றிவிடுங்கள் என்பதே என் யோசனை. எந்த ட்ரிகராக இருந்தாலும் சேஃப்டியோடு பொருந்துகிறதா என்று தெரிந்த கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

எவ்வளவு லேசாக வைப்பது? மேஜை மேல் ரைஃபிளை வைத்துத் துளை மேல் துளை போடுகிற பந்தயக்காரர்கள் 2 அவுன்ஸ் ட்ரிகர் வைத்திருப்பார்கள், அது காட்டுக்கு ஆகாது. மூச்சு வாங்க மலையேறி, கையுறை போட்ட விரலோடு, மானைப் பார்த்த படபடப்பில் இருக்கிறவருக்கு ஒரு பவுண்டு ட்ரிகர் விரல் பட்ட உணர்வு வருவதற்கு முன்பே விடுபட்டுவிடும். இரண்டரையிலிருந்து மூன்றரை பவுண்டு, அதாவது சுமார் 1.1 கிலோவிலிருந்து 1.6 கிலோ வரை, வேட்டைக்குச் சரியான அளவு என்று பெரும்பாலான அனுபவசாலிகள் சொல்வதை நானும் ஏற்கிறேன். கடுங்குளிர்ப் பக்கம் போகிறவர்கள் இன்னும் அரை பவுண்டு கூட்டி வைப்பது நல்லது.

எதை மாற்றினாலும், ஒரு தோட்டாவையும் போடுவதற்கு முன்னால் காலித் துப்பாக்கியில் சில சோதனைகள் கட்டாயம். போல்ட்டைப் பலமாக, பல தடவை அறைந்து மூடிப் பாருங்கள், ஃபயரிங் பின் விழக் கூடாது. சேஃப்டி போட்டு ட்ரிகரை நன்றாக இழுங்கள், விரலை எடுங்கள், பிறகு சேஃப்டியை விடுங்கள், அப்போதும் விழக் கூடாது. அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் சங்கமான சாமியின் (SAAMI) சோதனை முறையில் ரைஃபிளை ரப்பர் விரிப்பின் மேல் பல நிலைகளில் போட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம், தயார் நிலையில் வைத்து அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் நாலைந்து முறை ஓங்கிக் குத்தியும், பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் தட்டியும் பார்த்தால் போதும். ஒரே ஒரு முறை விழுந்தாலும் அந்த ட்ரிகர் காட்டுக்குப் போகக் கூடாது, நேராகப் பட்டறைக்குத்தான்.

இத்தனையும் செய்த பிறகு ரைஃபிளுக்குரிய, மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவைப் போட்டு, பாதுகாப்பான திசையில் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, தினமும் பத்து நிமிஷம் வெறும் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகுங்கள். ஸ்கோப்பின் குறுக்குக் கம்பி விடுபடுகிற கணத்தில் அசையாமல் நிற்க வேண்டும். சிலர் இப்படி ஒரு மாதம் பழகிய பின் திரும்ப அளந்து பார்த்துவிட்டு, நாலு பவுண்டே தங்களுக்குப் போதும் என்று புது ட்ரிகர் வாங்குகிற யோசனையையே விட்டுவிடுகிறார்கள்.